ஒட்டுனது கழண்டு வருதா? எச்சியத்தான் மொதல்ல சந்தேகப்படணும்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஒரு சின்ன பல்லு கிளினிக்ல 11 வருஷமா டாக்டருக்குப் பக்கத்துல நின்னு எச்சி உறிஞ்சுற சக்ஷன் புடிக்கிற வேலை எனக்கு. தோட்டத்துலேர்ந்து வர்ற பாட்டிங்க இன்னும் "மிஸ்ஸி"ன்னுதான் கூப்புடுவாங்க, நான் நர்ஸ் இல்ல பாட்டின்னு சொல்றதையே விட்டுட்டேன். இங்க "ஒட்டுனது வந்துருச்சு"ன்னு கையில எதையாவது தூக்கிட்டு வர்றவங்களுக்குப் பஞ்சமே இல்ல, கம்பிய தாங்க பல்லுல ஒட்டுற பிராக்கெட், பல்லு அடைச்சது, பல்லு மேல மாட்டுற கேப்பு, பிள்ளைங்க பல்லுப் பள்ளத்த மூடப் போட்ட சீலன்ட், இப்படி. புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயில சொல்லிச் சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதான் எழுதிட்டேன். உங்களுக்கு எது நடந்துச்சோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, மேலேர்ந்து படிக்கணும்னு இல்ல. ஒவ்வொண்ணுலயும் செலவில்லாத காரணம் மொதல்ல, கையக் கடிக்கிற காரணம் கடைசில.

எதுக்கும் முன்னாடி: கழண்டத குப்பையில போடாதீங்க

போன்ல அப்பாயின்ட்மென்ட் கேக்குறப்பவே "விழுந்தது இருந்தா எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லிருங்க. ஒருதரம் ஒரு அம்மா மகளோட பிராக்கெட்ட காலி குங்குமச் சிமிழ்ல போட்டுக் கொண்டாந்தாங்க. தொறந்தா செவப்புத் தூளுக்கு நடுவுல அரிசி மாதிரி கெடக்கு. கழுவி, போன் கேமராவுல பெருசாக்கிப் பாத்தா பிராக்கெட் முதுகு முழுக்க பசை அப்பிருக்கு, வழுவழுன்னு பல்லு வளைவு அப்படியே அச்சுல எடுத்த மாதிரி. பிள்ளை வாயத் தொறந்தா பல்லுல பசை பொட்டுக்கூட இல்ல. அதப் பாத்ததுமே பாதி விஷயம் தெரிஞ்சுபோச்சு, பசை பிராக்கெட்ட நல்லாத்தான் புடிச்சிருக்கு, பல்லத்தான் புடிக்கல. இந்த ஒரு பார்வையிலதான் கீழ உள்ள எல்லாமே ஆரம்பிக்குது.

கம்பி பிராக்கெட் ரெண்டு மூணு நாள்லயே வந்துருச்சு

பசை முழுசா பிராக்கெட்டோட வந்து பல்லு சுத்தமா இருந்தா, பல்லுப் பக்கம் தப்பு. இந்த வரிசையில பாருங்க:

பல்ல தேச்சிங்களா? வெறும் பியூமிஸ் தூள் தண்ணில கொழைச்சு தேக்கணும், எண்ணெயும் ஃப்ளூரைடும் கலந்த வாசனை பேஸ்ட்ட வெச்சு தேச்சா அதுவே ஒரு படலம் விட்டுட்டுப் போயிரும்.

எட்ச் பண்ணி, அதாவது பசை புடிக்க ஆசிட் ஜெல் தடவி பல்லு மேல்தோலுல (எனாமல்) பொடிப்பொடி ஓட்டை விழ வெச்சு, கழுவுனதுக்கு அப்புறம் எச்சி பட்டுச்சா? பத்துக்கு ஏழு தடவ இதுதான்னு நான் நெனைக்கிறேன், இது என் அனுபவக் கணக்கு. என்ன செய்யணும்னு அடுத்த தலைப்புல விலாவாரியா இருக்கு.

அந்தப் பல்லு வேற மாதிரி பல்லா? ஏற்கனவே அடைச்ச எடம், பீங்கான் கேப்பு, ஃப்ளூரைடு அதிகமாகி ஃப்ளூரோசிஸ் புள்ளி விழுந்த பல்லு, இதெல்லாம் சாதா எட்ச்சுக்கு மசியாது. டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்குத் தனி வழி இருக்கு.

மாறா, பசை பல்லு மேலயே நின்னு அதுல பிராக்கெட்டோட வலை அச்சு விழுந்திருந்தா எச்சி மேல பழி போடாதீங்க. யாரோ பிராக்கெட் முதுகைக் கையுறை விரலால தொட்டிருப்பாங்க, இல்லாட்டி பசை வெச்ச பிராக்கெட்ட மேல் லைட்டுக்கு அடியில ரொம்ப நேரம் காட்டி வெச்சு பசையோட மேல்பக்கம் இறுகியிருக்கும், இல்லாட்டி பசைய இறுக வெக்கிற லைட் அடிக்க ஆரம்பிச்ச பெறகு "கொஞ்சம் இடது பக்கம்"னு தள்ளியிருப்பாங்க.

ரெண்டு பக்கமும் பாதிப் பாதி பசை இருந்தா பெரும்பாலும் கடிதான். கடி பாக்குற நீலத் தாள வெச்சு கடிக்கச் சொல்லுங்க, மேல்பல்லு வந்து கீழ் பிராக்கெட்ட இடிச்சா தாள்ல தெரிஞ்சுரும். என்ன சாப்ட்டன்னு கேளுங்க, "ஒண்ணும் சாப்டல அக்கா"ம்பாங்க, பையில பாத்தா பூந்தோங் கச்சாங் பூத்தே, அந்த மொறுமொறு கடலை பாக்கெட் எட்டிப் பாக்கும். ஐஸ் கடிக்கிறதும் அப்படித்தான்.

கீழ கடவாப் பல்லு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தா எச்சி தேங்குற எடம் அது. மொதல்ல பஞ்ச மாத்திப் பாருங்க. அப்புறம் பசைக்கு முன்னாடி தடவுற ஈரம் தாங்குற பிரைமர், வெல கூட, அது ஈரத்தத் தாங்கும், எச்சிக் குளத்தத் தாங்காது. அதுக்கும் அடங்கலன்னா பிராக்கெட்ட விட்டுட்டு பல்ல சுத்தி இரும்பு வளையம் போட்டு கிளாஸ் ஐனோமர் சிமெண்ட்ல ஒட்டிருவாங்க.

ஒரே பல்லுல மூணாவது தடவ விழுந்தா ஒட்டிக்கிட்டே இருக்காதீங்க, கம்பி ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவ சொரண்டுறப்பவும் பல்லு மேல்தோலு கொஞ்சம் போகுது.

எட்ச் பண்ணியாச்சு, ஆனா சுண்ணாம்பு வெள்ள வரல

நல்லா எட்ச் ஆன பல்லு மேல்தோலு காஞ்சதும் சாக்பீஸ் மாதிரி மங்கலா வெளுக்கணும். பளபளன்னு இருந்தா அடுத்த படிக்குப் போகாதீங்க.

ஜெல் எவ்வளவு நேரம் இருந்துச்சு? 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட், மேல்தோலுல 15லேர்ந்து 30 செகண்டு. மனசுல எண்ணாதீங்க, கடிகாரத்தப் பாருங்க, பசி நேரத்துல எண்ணுனா 20 செகண்டு 9லயே முடிஞ்சுரும். வெள்ள வந்துட்டு அப்புறம் மறைஞ்சுருச்சுன்னா எச்சி பட்டுருச்சுன்னு அர்த்தம். ஒருதரம்கூட வரவே இல்லன்னா ஏர் குழாய்ல எண்ணெய் வருதான்னு பாக்கணும், அது கடைசில இருக்கு.

இப்ப முக்கியமான விஷயம், எந்தக் கட்டத்துல எச்சி பட்டா என்ன பண்றது.

எட்ச்சுக்கு முன்னாடி பட்டா பெருசா ஒண்ணும் இல்ல, கழுவிக் காயவெச்சு ஆரம்பிங்க, மிச்சத்த ஆசிட் பாத்துக்கும்.

எட்ச் பண்ணிக் கழுவிக் காஞ்ச பெறகு பட்டா ஒரு செகண்டு போதும். எச்சில உள்ள புரதம் அந்தப் பொடி ஓட்டைங்கள்ல போய் ஒட்டிக்கும், வெறும் தண்ணி அடிச்சா முழுசா போகாது. பாக்க காஞ்சா மாதிரிதான் இருக்கும், அதான் ஏமாத்து. மேல்தோலுன்னா மறுபடி 10 செகண்டு எட்ச், கழுவு, காயவை, பஞ்ச மாத்து, பெறகு மேல போ.

பாண்ட் (பல்லையும் மருந்தையும் சேக்குற திரவம்) தடவி லைட் அடிக்கிறதுக்கு முன்னாடி பட்டா கழுவி ஒத்தி எடுத்து பாண்ட்ட மறுபடி தடவணும். லைட் அடிச்ச பெறகோ, அடைக்கிற மருந்த ஒரு அடுக்கு வெச்சு அடுத்த அடுக்குக்கு நடுவுலயோ பட்டாலும் அதே மாதிரி, கழுவி காயவெச்சு புதுசா பாண்ட் தடவி லைட் அடிச்சுட்டுத்தான் அடுத்தது. எங்க டாக்டர் நெறைய பட்டுருச்சுன்னா யோசிக்காம எட்ச்லேர்ந்து திரும்ப ஆரம்பிப்பாரு. தானே எட்ச் பண்ற ஒரே பாட்டில் பாண்ட்டா இருந்தா அந்தக் கம்பெனி தாள் என்ன சொல்லுதோ அதுதான் சட்டம், உள்தோலுல (டென்டின்) பாஸ்பாரிக் ஆசிட்ட இஷ்டத்துக்கு வெக்கக்கூடாது. ரத்தம்னா எச்சிய விட மோசம். ரத்தம் நிறுத்துற மருந்து வெச்சா அதையும் நல்லா கழுவித் தொலைக்கணும், அதுவும் ஒட்ட விடாது.

இதுல நெசமான பிரச்சன மருந்து இல்ல, வாய். நம்ம வாயத்தான் சொல்றேன். நாக்கு வந்து தொட்டத டாக்டர் பாக்க மாட்டாரு, அவரு பாட்டில் பக்கம் திரும்பியிருப்பாரு, பாக்குறது நாமதான். வெளியில எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க, சொன்னா மறுபடி மொதல்லேர்ந்து பண்ணணும், டாக்டர் மொறைப்பாருன்னு பயந்து மூடிக்கிட்டு இருந்துருவோம். நானும் மொத வருஷம் அப்படித்தான் இருந்தேன், ஒரு அங்கிளோட முன்பல்லுல ஒட்டுனது 4 நாள்ல கையோட வந்துச்சு. "டாக்டர், எச்சி"ன்னு ரெண்டு வார்த்த போதும், இப்பல்லாம் அவரு மொறைக்கிறதும் இல்ல. எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க (பால் எடுக்க பட்டைய கீறுற வேல), ராத்திரி மழை பேஞ்சு பட்டை ஈரமா இருந்தா அன்னிக்கு வெட்டு கெடையாது, வெட்டுனா பால் கோட்டுல ஓடாம பட்டையெல்லாம் வழிஞ்சு வீணாப் போயிரும்பாங்க. ஈரப் பட்டையில கத்தி வெக்கிற ஆளு தோட்டத்துல இல்ல, நாமதான் ஈரப் பல்லுல பாண்ட் தடவுறோம்.

எச்சி நிக்கவே மாட்டேங்குது

இதக் கேக்காத புது பிள்ளையே இல்ல. மனுஷன் வாயில ஒரு நாளைக்கு அர லிட்டர்லேர்ந்து ஒன்றர லிட்டர் வரைக்கும் ஊறும், அத நிறுத்த முடியாது, திருப்பி விடத்தான் முடியும்.

பஞ்சு எங்க வெக்கிறீங்கன்னு பாருங்க. மேல ரெண்டாவது கடவாப் பல்லுக்கு நேரா கன்னத்துல ஒரு சின்ன மேடு இருக்கும், அதுதான் குழாய் வாய். நீங்க கீழ்ப்பல்லுல வேல செஞ்சாலும் அங்க ஒரு பஞ்சு இருந்தாகணும், கன்னத்துக்கு ஒண்ணு, நாக்குக்கு அடியில ஒண்ணு, மொத்தம் மூணு. நனைஞ்ச பஞ்ச எட்ச்சுக்கு முன்னாடியே மாத்திருங்க, எட்ச்சுக்கு அப்புறம் மாத்தப் போனா அந்த நேரத்துலதான் நாக்கு வந்து நக்கும்.

அதுக்கு மேல ரப்பர் டேம். பேஷன்ட்டு மூச்சு முட்டுதும்பாங்க, டாக்டர் நேரம் இல்லம்பாரு. 1864லயே அமெரிக்காவுல பார்னம்னு ஒரு பல்லு டாக்டர் எச்சித் தொல்ல தாங்காம ரப்பர் ஷீட்டுல ஓட்ட போட்டு பல்ல மட்டும் வெளிய இழுத்து வெச்சாரு. பக்கத்துல கோலகங்சார்ல ரப்பர் கன்னு நட்டதே 1877லதான், அதுக்கும் 13 வருஷம் முன்னாடி. ரப்பர் வெட்டுன ஊருல ரப்பர் ஷீட்டு வேணாங்குறோம், என்னத்த சொல்ல. லேடெக்ஸ் ஒத்துக்குமான்னு மட்டும் மொதல்லயே கேளுங்க, ஒத்துக்காதவங்களுக்கு லேடெக்ஸ் இல்லாத ஷீட்டு இருக்கு.

அடைச்சது முழுசா கல்லு மாதிரி வந்து விழுந்துருச்சு

உள்பக்கத்தப் பாருங்க. கறுப்பா பழுப்பா ஒட்டிருந்தா சொத்தை மிச்சம் இருந்துருக்கு, அது டாக்டர் மறுபடி தோண்ட வேண்டிய விஷயம். சுத்தமா இருந்தா ஒட்டவே இல்ல.

பல்லு கழுத்துப் பக்கம், ஈறோரம் போட்டதுன்னா ஈறுலேர்ந்து கசியிற நீரு எச்சி செய்யிற அதே வேலையத்தான் செய்யும். ஈறு வீங்கிருந்தா இன்னிக்கு ஒட்டாதீங்க, சுத்தம் பண்ணி அனுப்பிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க, அன்னிக்கு நூலு வெச்சு ஈற ஒதுக்கிட்டு செய்யலாம். வெத்தல போடுற பாட்டிங்களுக்கு சுண்ணாம்புக் காரை பாறை மாதிரி ஒட்டிருக்கும், அதுக்கு மேல என்ன தடவுனாலும் காரையோட சேந்து வந்துரும்.

உள்தோலு விஷயத்துல ஒரு கொழப்பம். "ரொம்ப காயவெக்காத, கொஞ்சம் ஈரம் இருக்கணும்"னு டாக்டர் சொல்றது தண்ணி ஈரம். எச்சி ஈரம் இல்ல. எச்சி பட்டத அப்படியே விட்டுட்டு ஈரம்தான் இருக்கேன்னு பாண்ட் தடவுன ஆள நான் பாத்துருக்கேன், அந்த ஆளு நான்தான். கழுவுனதும் ஏர் போட்டு விளாசாம ஈரப் பஞ்சால ஒத்தி எடுங்க, லேசா மினுங்கணும், குட்டை தேங்கக் கூடாது. அங்க எட்ச்சும் 15 செகண்டுக்கு மேல வேணாம்.

ஈரத்த எந்த வழியிலயும் அடக்க முடியாத எடம்னா கிளாஸ் ஐனோமர் கேளுங்க, அது ஈரத்த கொஞ்சம் பொறுத்துக்கும், ஆனா மொத சில நிமிஷம் அதுவும் எச்சி படக்கூடாது, மேல ஒரு பூச்சு பூசி விடணும். அடைக்க எடமே இல்லாம பல்லு பாதி போயிருந்தா கேப்புதான், செலவு அங்கேர்ந்து ஆரம்பம்.

அடைச்ச மறுநாள்லேர்ந்து கூசுது

மொதல்ல கடி. ஒசரமா இருந்தா நீலத் தாள்ல தெரியும், ரெண்டு நிமிஷ வேல, பாதிப் பேருக்கு அதோட சரியாயிரும். கடி சரி, சில்லுன்னு பட்டா மட்டும் கூசி உடனே நின்னுருதுன்னா ஒரு ரெண்டு வாரம் பாக்கலாம். நிக்கலன்னா எச்சி பட்டோ உள்தோலு ரொம்ப காஞ்சோ பாண்ட் சரியா எறங்கல, எடுத்துட்டு மறுபடி போடணும். சூடா தே தாரேக் குடிச்சதும் புடிச்ச வலி அடங்காம நின்னா, ராத்திரி எழுப்பி விட்டா, அது ஒட்டு விஷயம் இல்ல, நரம்பு. அன்னிக்கே டாக்டர்.

ஓரத்துல பழுப்புக் கோடு

கொக்கியால ஓரத்தத் தடவுங்க. மாட்டலன்னா வெறும் கறை, பாலிஷ் போதும். மாட்டுதுன்னா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.

பிள்ளைங்க சீலன்ட் ஆறு மாசத்துல காணோம்

ஆறு வயசுல மொளைக்கிற கடவாப் பல்லு பாதிதான் வெளிய வந்துருக்கும், பின்னாடி ஈறு மடிப்பு மூடிருக்கும், அதுக்கடியில எச்சி. பிள்ள வேற நாக்க சும்மா வெக்காது. ரெண்டு கையால செய்யிற வேல இல்ல இது, நாலு கை வேணும், ஆள் இல்லாத நாள்ல செய்யாதீங்க. பல்லு முழுசா வர்ற வரைக்கும் கிளாஸ் ஐனோமர் போட்டு வெச்சுட்டு அப்புறம் ரெசின் சீலன்ட் போடறதுதான் புத்தி. பிள்ள பயந்து அழுவுதுன்னா அமுக்கிப் புடிச்சு போடாதீங்க, அழுவுற வாயில எதுவும் நிக்காது. பிள்ளைங்களுக்குன்னு உள்ள பல்லு ஸ்பெஷலிஸ்ட்டுக்கு அனுப்புங்க.

வெள்ளக் கேப்பு கழண்டு வந்துருச்சு

கேப்ப போட்டுப் பாக்குறப்ப எச்சி படாம இருக்காது. தப்பு நடக்குறது அதுக்கு அப்புறம் சுத்தம் பண்றதுல. எது பட்டாலும் பாஸ்பாரிக் ஆசிட்டத் தடவி கழுவுற பழக்கம் நமக்கு இருக்குல்ல, கண்ணாடிப் பீங்கான் கேப்புக்கு அது பரவால்ல, பெறகு சைலேன்ங்குற ஒட்டுத் திரவத்த மறுபடி தடவணும். ஆனா சிர்கோனியான்னு வேற ஒரு கெட்டி வெள்ளச் சாமான் இருக்கு, அதுக்கு அத செய்யவே கூடாது. எச்சில இருக்குற பாஸ்பேட்டே சிர்கோனியாவுல போய் ஒட்டிக்கிட்டு பசைக்கு எடம் விடாது, நாம அதுக்கு மேல பாஸ்பாரிக் ஆசிட்ட வேற ஊத்துனா இன்னும் நெறைய பாஸ்பேட் போய் உக்காந்துக்கும். அதுக்குன்னு தனி சுத்தம் பண்ற பேஸ்ட் இருக்கு, இல்லன்னா லேப்ல மறுபடி அலுமினா மண்ணு அடிச்சுத் தரச் சொல்லணும். கேப்பு என்ன சாமான்னு லேப் சீட்டுல இருக்கும், பாக்காம எதையும் தடவாதீங்க. ஒழுங்கா ஒட்டியும் மறுபடி வந்தா அடியில உள்ள பல்லு குட்டையா இருக்கும், அதுக்குப் பசையால ஒண்ணும் பண்ண முடியாது.

ஒரே வாரத்துல எல்லாருக்கும் விழுது

ஒருத்தருக்கு விழுந்தா எச்சி, அஞ்சு பேருக்கு விழுந்தா கிளினிக். வரிசையா பாருங்க.

பாண்ட் பாட்டில் மூடி. தொறந்து வெச்சா உள்ள இருக்குற அசிட்டோனும் ஆல்கஹாலும் பறந்துரும், நம்ம ஊரு சூட்டுல கேக்கவே வேணாம். சொட்ட முன்னாடியே சொட்டி வெச்சுட்டு போன் எடுக்கப் போகாதீங்க. தேதியும் பாருங்க. ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே தொறக்காதீங்க, வேர்த்து உள்ள தண்ணி எறங்கும்.

லைட். நுனியில காஞ்ச மருந்து ஒட்டிருக்கான்னு பாருங்க, அதோட மீட்டர்ல வெச்சு பாருங்க. சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட்டுக்குக் கீழ எறங்குனா வேணாம். புதுசா வாங்குன அன்னிக்கு எவ்வளவு காட்டுச்சுன்னு எழுதி சுவத்துல ஒட்டி வெச்சா இன்னும் நல்லது. சார்ஜ் எறங்க எறங்க பலம் கொறையிற பழைய லைட்டும் இருக்கு.

அப்புறம் கம்ப்ரஸர். இது எங்களுக்கே நடந்துச்சு. மூணு வாரம் எச்சி எச்சின்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன், பஞ்சு மாத்துனேன், சக்ஷன் மாத்துனேன், விழுறது நிக்கல. ஒரு நாள் டாக்டர் கண்ணாடிய தொடச்சு அதுல 10 செகண்டு ஏர் மட்டும் அடிச்சு லைட்டுக்கு நேரா சாய்ச்சுக் காட்டுனாரு, மீன் கழுவுன தண்ணி மாதிரி வானவில்லு மினுங்குது. பின்னாடி போய் டேங்க்கு அடியில உள்ள குழாயத் தொறந்தா காப்பி கலர்ல தண்ணி கொட்டுது, மாசக் கணக்கா யாரும் தொறக்கல. பல்ல காயவெக்கிறதா நெனச்சு எண்ணெயும் தண்ணியும்தான் அடிச்சுக்கிட்டு இருந்துருக்கோம். அன்னிலேர்ந்து தெனம் சாயங்காலம் பூட்டுறதுக்கு முன்னாடி டேங்க் தண்ணி தொறந்து விடறது என் வேல, காலைல மொத பேஷன்ட்டுக்கு முன்னாடி கண்ணாடில ஏர் அடிச்சுப் பாக்குறதும். தண்ணி மட்டும் வந்தா நீங்களே பாத்துக்கலாம், ஃபில்டர மாத்துங்க. எண்ணெய் வந்தா கையில ஸ்பானர எடுக்காதீங்க, சர்வீஸ் ஆள கூப்புடுங்க, அவரு வர்ற வரைக்கும் ஒட்டுற வேலைய எல்லாம் தள்ளி வைங்க, புடுங்குற வேல மட்டும் பாருங்க.

வேற யாரோ போட்டது விழுந்துருச்சு, ஒட்டித் தாங்கன்னு வந்தா

வீட்டுல, பியூட்டி பார்லர்ல, ஓட்டல் ரூம்ல போட்ட கம்பி. கலர் ரப்பர் பாக்க அழகா இருக்கும், கண்ணாடி வெச்சுப் பாத்தா பசை ஈறு மேலயே வழிஞ்சு கெடக்கும். 2018 பல் மருத்துவச் சட்டப்படி பதிவு இல்லாதவங்க இந்த வேலைய செஞ்சா 3 லட்சம் ரிங்கிட் வரைக்கும் அபராதம், 6 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆனா அழுதுகிட்டே நிக்கிற பிள்ளைகிட்ட இதப் பேசிப் பிரயோஜனம் இல்ல. இதுல எச்சியா எட்ச்சான்னு தேடாதீங்க, எத வெச்சு ஒட்டுனாங்கன்னே தெரியாது. "அக்கா, ஒரே ஒரு பட்டன் மட்டும் ஒட்டி விடுங்க, வெள்ளிக்கெழம அண்ணன் கல்யாணம்"னு ஒரு பிள்ள கெஞ்சுச்சு, ஒட்டல. டாக்டர் எல்லாத்தையும் எடுத்துட்டாரு, ஈறு சுத்தம் பண்ணி, எக்ஸ்ரே எடுத்து, ஈப்போவுக்கு லெட்டர் கொடுத்தாரு. எடுத்த பட்டன் எல்லாத்தையும் நான் ஒரு பாக்கெட்ல போட்டு தேதி எழுதி அது கார்டோட பின் அடிச்சு வெச்சேன்.